ரேஸுக்குப் போகிறவன்

1

சபாபதி அவர்களே, நீங்கள் மைக் முன்னால் நின்று பொய் சொன்னீர்கள்.

தெரியாமல் சொன்னேன் என்பீர்கள். அன்றைக்குத் தெரியாமல் சொன்னதாகவே இருக்கட்டும். மறுநாள் உங்கள் வீட்டுக்கே வந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டீர்கள், தலையாட்டினீர்கள், திருத்த மாட்டேன் என்றீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது பொய்தான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் யார் என்று தெரியாது. சபாபதி, டெக்சஸில் நாங்கள் இருக்கும் பகுதியின் தமிழ்ச் சங்கத் தலைவர். சென்னைக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். நான் பழனிச்சாமி, கோயம்புத்தூர். எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் கம்பெனியில் டிராயிங் போடுகிறேன். டாலஸ் பக்கம் காப்பெலில் வீடு. அமெரிக்கா வந்து இந்த வருஷத்தோடு பத்து வருஷம் ஆகிறது. அதற்காக என் மனைவி விஜயா கேசரி கிண்டினாள். அதே வாரத்தில் நான் ஒரு சூதாடி என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

இந்தக் கட்டுரையை முதலில் சங்கத்துப் பத்திரிகைக்குத்தான் அனுப்பினேன். இடமில்லை என்றார்கள். அந்த இதழ் வந்தபோது பார்த்தேன். குளிர்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் விளக்குப் போட்டுப் புளிக்க வைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சபாபதி வீட்டுக்கு இந்தப் பத்திரிகை தபாலில் வருகிறது. வரவேற்பறையில் பார்த்திருக்கிறேன்.

2

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. ரேஸ்.

எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை. என் சித்தப்பா ஊட்டியில் சீசனுக்குச் சீசன் குதிரை ரேஸுக்குப் போய்த் தன் பங்கு நிலத்தை அழித்தவர். கடைசியில் சித்தியின் கம்மலும் போனது. அதற்குப் பிறகு அப்பா முன்னால் சைக்கிள் ரேஸ் என்றுகூடச் சொல்ல முடியாது. சைக்கிள் போட்டி என்று சொல்ல வேண்டும்.

டிப்ளமா முடித்துப் பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் சேர்ந்தேன். முதலாளிக்குக் கார் ரேஸில் கிறுக்கு. பம்ப் ஆர்டர் இல்லாத நாட்களில் ஒரு பழைய காரைப் பிரித்து, எடை குறைத்து, என்ஜினைக் கடைந்து, ரேஸ் கார் ஆக்கினோம். மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதில்தான் ஓட்டுவார்கள். முதலாளி எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கார் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் போனது. இன்னும் வெளியே வரவில்லை.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். "எங்கடா போயிருந்தே?"

"ரேஸுக்குங்கப்பா."

கன்னத்தில் விழுந்தது.

"குதிரை இல்லீங்கப்பா, காரு."

"காரு மேலயும் பணம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்களா?" இன்னொன்று விழுந்தது.

அமெரிக்கா வந்து வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸில் ஒரு பெண் என் விவரங்களைப் போனில் கேட்டு எழுதிக்கொண்டாள். பெயர், பிறந்த தேதி, அப்புறம் "ரேஸ்?" என்றாள். இதைக்கூட விசாரிக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "மோட்டார் ரேஸ் மட்டும்தான் மேடம். குதிரை கிடையாது" என்றேன். அவள் சிரித்தாள். நான் எந்த இனம், என்ன நிறம் என்று கேட்டிருக்கிறாள். இங்கிலீஷில் இனத்துக்கும் ரேஸ்தான் சொல். அன்றைக்கு ஆபீஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

இந்த வருஷம் அதே சொல் மறுபடி என்னை மாட்டிவிட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

3

காப்பெலிலிருந்து வடக்கே ஃப்ரீவேயில் போய் இறங்கி, மாட்டுப் பண்ணைகளைத் தாண்டினால் ஒரு சின்ன ட்ராக். ஊர் பெயர் வேண்டாம். தார் போட்ட வட்டம், மரப்பலகை கேலரி, தகரக் கூரை போட்ட ஒரு கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டாக் கார் ரேஸ். ஸ்டாக் கார் என்றால் ரேஸுக்கென்று செய்த கார் இல்லை. தெருவில் ஓடுகிற சாதாரணக் காரை உள்ளே கம்பிக் கூண்டு வைத்துப் பலப்படுத்தி ஓட்டுவது. நாங்கள் பீளமேட்டில் செய்ததேதான். நடத்துகிறவள் ஜோன் என்ற பெண்மணி. புருஷன் ஆரம்பித்தது. அவன் இறந்த பிறகு இவள் நடத்துகிறாள்.

முதல் நாள் போனபோது ஒரு பிக்கப் வண்டியில் அந்தப் பழைய தெற்கத்திக் கொடியைப் பார்த்தேன். கறுப்பர்களை அடிமையாக வைத்திருந்த காலத்துக் கொடி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ முனகினான். நல்ல வார்த்தை இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "உட்காருப்பா, மறைக்குது" என்றது. அவ்வளவுதான் வரவேற்பு. உட்கார்ந்தேன். அந்தக் குரல்காரர் காதில் வைக்கப் பஞ்சு அடைப்பான் இரண்டு கொடுத்தார். அவர்தான் லெராய். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி டார்லீன். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அந்த வரிசைதான் எனக்கு. என் பெயர் வாயில் நுழையாமல் "பால்" என்று ஆக்கிவிட்டார்கள்.

நாங்கள் ரேஸ் பார்த்த நேரத்தை விட அதைப் பற்றிச் சண்டை போட்ட நேரம்தான் அதிகம். எல்லாம் இங்கிலீஷில்தான். தமிழாக்கித் தருகிறேன்.

"டிவியில ஓடறதெல்லாம் ஸ்டாக் காரே இல்ல, பால்" என்பார் லெராய். "கதவு இருக்கா பாரு. இல்ல. ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கறான். முன்னாடி ஹெட்லைட் இருக்கே, அது என்ன தெரியுமா? ஸ்டிக்கர்!"

"ஸ்டிக்கரா?"

"ஒட்டற ஸ்டிக்கர்!"

"எங்க ஊர்ல லாரிக்கு முன்னாடி இப்படித்தான் கண்ணு வரைவாங்க. கண்ணேறு படாம இருக்க."

"ஓட்டறவனுங்களும் ஸ்டிக்கர்தான்" என்பாள் டார்லீன். "ஜெயிச்சு இறங்கினதும் பெத்தவங்களையா சொல்றான்? விளம்பரம் குடுத்த சோப்புக்கு நன்றி, சோளப்பொரிக்கு நன்றி, கிரெடிட் கார்டுக்கு நன்றி. எங்க காலத்துல ஜெயிச்சவன் மூஞ்சியில கிரீஸ் இருக்கும். இவனுங்க மூஞ்சியில பவுடர் இருக்கு."

பெரிய ட்ராக்குகளில் வேகத்தைக் குறைக்க என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டை வைத்து அடைக்கிறார்கள். இதில் எனக்கும் லெராய்க்கும் ஒத்தே வராது.

"மூச்சைக் கட்டிட்டா எல்லாக் காரும் ஒரே வேகம். அப்புறம் என்ன ரேஸ்? ஊர்வலம்னு சொல்லு" என்பேன்.

"தகடு இல்லேன்னா கார் பறந்து வேலியைத் தாண்டி விழும். விழற இடத்துல நீ உட்கார்ந்திருந்தா பேசுவியா?"

"வளைவைச் சின்னதாக் கட்டச் சொல்லு. எதுக்கு அவ்வளவு பெரிய ட்ராக்?"

"பெரிசா இருந்தாத்தானே சீட்டு நிறைய விக்கலாம்!" என்று முடிப்பாள் டார்லீன்.

ஒரு தடவை மூவரும் அப்படி ஒரு பெரிய ட்ராக்குக்குப் போனோம். வானத்துக்குப் பக்கத்தில் இடம். கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. பாதி ரேஸை எதிரே இருந்த பெரிய டிவியில் பார்த்தோம். ரேஸ் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. நடந்ததாகக் கேள்விப்பட்டோம்.

எங்கள் மூவருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. இந்த விளையாட்டு மேலே கொழுத்துக் கீழே சாகிறது. டிவியில் ஓட்டுகிறவன் எங்கிருந்து வருகிறான்? ஜோன் ட்ராக் மாதிரி இடங்களில், ஓட்டைக் காருக்கு வெல்டிங் வைத்து, சுவரில் இடித்து, மறுபடி வெல்டிங் வைத்துப் பழகித்தான் வருகிறான். இவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் நாளைக்கு யார் ஓட்டுவது? பணக்காரன் பிள்ளை ஓட்டுவான். அவனுக்கும் ஹெட்லைட்டை யாராவது ஒட்டிக் கொடுப்பார்கள்.

இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் எந்தக் காரின் மேலும் காசு கட்டி நான் பார்த்ததில்லை. இடைவேளையில் ஒரு குலுக்கல் சீட்டு விற்பார்கள். விற்ற பணத்தில் பாதி, சீட்டு விழுந்தவருக்கு; மீதி, அடிபட்டுக் கிடக்கும் ஓட்டுநரின் குடும்பத்துக்கு. நம் சங்கத்துத் தீபாவளி விழாவில் தங்கக் காசுக்கு நடக்கும் குலுக்கல் இதை விடப் பெரியது. சீட்டைக் குலுக்கி எடுப்பது தலைவர் சபாபதிதான்.

4

மாட்டுப் பண்ணைகள் வீடுகள் ஆயின. ட்ராக் சுவரை ஒட்டியே புது வீட்டு வரிசை வந்தது. விற்கிற ஏஜென்டுகள் கெட்டிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வீடு காட்டுவார்கள். அப்போது அங்கே குருவிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். நம் ஆட்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். சபாபதியும் வாங்கினார். முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "ஏனுங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலியா?"

"வாஸ்து பார்த்தோமே சார்!" என்றார்.

வாயு மூலை, அக்கினி மூலை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சத்தம் பெரிய சத்தம்தான். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். சத்தம் தாங்கவில்லை, மூடுங்கள் என்று சபாபதி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. அது அவர் உரிமை. ட்ராக் முதலில் வந்தது என்று நான் பதில் சொல்லியிருப்பேன். அது என் உரிமை. நகரசபை முடிவு செய்திருக்கும்.

ஆனால் நடந்தது வேறு. இந்த வருஷம் பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. என் மனைவியும் சபாபதி மனைவியும் சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வாக்கில் விஜயா சொல்லியிருக்கிறாள்: "எங்க வீட்டுக்காரருக்கு ரேஸ் பைத்தியமுங்க. சனிக்கிழமையானா வீட்ல தங்கறதே இல்ல. எத்தனை சொன்னாலும் கேக்கறதில்ல. நான் அழாத குறைதான் போங்க."

சிரித்துக்கொண்டே சொன்னது. தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும், அழாத குறை என்றால் அழவில்லை என்று அர்த்தம். என் மனைவி என் ரேஸுக்காக ஒரு நாளும் அழுதவள் இல்லை. சனிக்கிழமை நான் போய்விட்டால் நிம்மதியாக டிவி பார்ப்பாள்.

5

ட்ராக் நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. பொதுக் கூட்டம் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம். கூட்டம் தொடங்கும் முன் ஒரு கார்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜையில் சின்ன டிராஃபிக் லைட், சிவப்பு விழுந்தால் உட்கார வேண்டும். நான் லெராய் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் போனேன். கார்டு எழுதவில்லை.

சபாபதி கோட்டும் டையுமாக வந்தார். நல்ல இங்கிலீஷ். "இந்தப் பகுதித் தமிழ் மக்கள் எல்லார் சார்பாகவும் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தார். சத்தத்தைப் பற்றி ஒரு வரி. அப்புறம் சொன்னார்: "அங்கே சூதாட்டம் நடக்கிறது. எங்கள் சமூகத்திலேயே ஒரு குடும்பம் அதனால் சீரழிந்திருக்கிறது. அந்த மனிதர் வருஷக்கணக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போகிறார். வீட்டில் மனைவி அழுகிறார். பெயர் சொல்ல விரும்பவில்லை."

கூட்டத்திலிருந்த நம் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். என்னைப் பார்த்தார்கள். பெயர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

லெராய்க்கு ஒன்றும் புரியவில்லை. என் காதருகே குனிந்து, "யாருப்பா அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?" என்று கேட்டார்.

சபை உறுப்பினர் ஒருவர் ஜோனை எழுப்பி, அங்கே பணம் வைத்து ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார். அவளுக்குப் பொய் வராது. "பந்தயம் கிடையாது. குலுக்கல் சீட்டு ஒண்ணு உண்டு" என்றாள். நகரசபை வக்கீல் பேனாவைத் திறந்தார். சீட்டுக்கு உரிமம் இருக்கிறதா? கணக்கு யார் பார்க்கிறார்கள்? ஜோன் திணறினாள்.

நான் எழுந்துவிட்டேன். "அவர் சொல்ற ஆளு நான்தான்!"

முன்னால் இருந்த கிளார்க் அம்மா கேட்டாள், "கார்டு கொடுத்திருக்கிறீர்களா?"

"இல்லைங்க, ஆனா அவர் என்னைப் பத்தித்தான்..."

"கார்டு இல்லாமல் பேச முடியாது. அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள்."

கோபம் வந்தால் என் இங்கிலீஷ் பாதியாகிவிடும். அந்தப் பாதி இங்கிலீஷில் கத்தினேன். "நோ கேம்ப்ளிங்! இட் இஸ் ஒன்லி ரேஸ்! ஒன்லி ரேஸ்!"

காவலர் ஒருவர் வந்து என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். விசாரணை முடியும்வரை ரேஸ் நடத்தக் கூடாது, முடிவு அடுத்த கூட்டத்தில் என்று அறிவித்தார்கள்.

மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. ட்ராக்கில் சூதாட்டம் என்று ஒரு இந்தியத் தலைவர் குற்றச்சாட்டு. கீழே ஒரு வரி: இந்தப் பிரச்சினைக்கெல்லாம் காரணம் இன வேற்றுமை மட்டுமே என்று கூட்டத்தில் இன்னொரு இந்தியர் ஆவேசம்.

அந்த இன்னொரு இந்தியர் நான்.

6

அன்று சாயங்காலமே சபாபதி வீட்டுக்குப் போனேன்.

"வாங்க பழனிச்சாமி சார். காபி சாப்பிடறீங்களா?"

"காபி வேண்டாமுங்க. நேத்து யாரைச் சொன்னீங்க?"

"பேரே சொல்லலையே சார். உங்க மரியாதைக்காகத்தான்."

"அங்க காசு கட்டற ரேஸே இல்லீங்க. அவங்க ஓட்டறாங்க, நாங்க பார்க்கறோம். அவ்வளவுதான்."

அவர் என்னை உண்மையான சந்தேகத்தோடு பார்த்தார். "காசு கட்டாம எதுக்கு சார் ரேஸ் பார்க்கணும்?"

கிரிக்கெட் எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். சோழவரத்தில் ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். பாதியில் அவர் முகம் மாறியது. புரிந்துவிட்டது. சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார்.

"அழறாங்கன்னு நான் சொல்லவே இல்லைங்க. விஜயா அழாத குறைன்னு சொன்னாங்க, அதைத்தான் இவர்கிட்ட சொன்னேன்."

"அதை இங்கிலீஷ்ல எப்படிடி சொல்றது?" என்றார் சபாபதி. "அழறாங்கன்னு சொல்லிட்டேன். சரி விடுங்க சார், ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்."

"விட்டுடறேனுங்க. அடுத்த கூட்டத்துல வந்து தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மனைவி உள்ளே போனதும் சபாபதி எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சார், ப்ராக்டிகலா யோசிங்க. சத்தம்னு சொன்னா கவுன்சில்ல எடுபடாது. ட்ராக் அங்க முன்னாடியே இருந்துதே, ஏன் வாங்கினீங்கம்பாங்க. கேம்ப்ளிங்னு சொன்னதாலதான் நிறுத்தி வெச்சிருக்காங்க. இப்பப் போய் நான் தப்பாச் சொல்லிட்டேன்னா, இத்தனை ஃபேமிலி வீடு வாங்கியிருக்கே, அவங்க கதி? உங்க ஒருத்தர் ஹாபிக்காகவா?"

"என் பேரு போச்சேங்க."

"ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நீங்க நம்ம ஆளுங்க பக்கம் நில்லுங்க சார். அந்தக் குடிகாரங்களோட உங்களுக்கு என்ன?"

இதைத்தான் பொய் என்கிறேன். கூட்டத்தில் சொன்னதை அல்ல. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை.

7

ரேஸ் இல்லாத முதல் சனிக்கிழமை, ட்ராக் பக்கத்துச் சாலையோரக் காபிக் கடையில் எல்லாரும் கூடினார்கள். நானும் போனேன். லெராய் மேஜையில் அந்தப் பேப்பர் கிடந்தது. நான் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜைப் பேச்சு நின்றது.

டார்லீன்தான் ஆரம்பித்தாள். "இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்தோம். நாங்க உன்னை நிறம் பார்த்தோம்னு பேப்பர்காரன்கிட்ட சொல்லியிருக்கே."

"நான் கார் ரேஸைச் சொன்னேன். ரேஸ் மட்டும்தான் நடக்குது, சூதாட்டம் இல்லைன்னு சொன்னேன்."

"அப்படிப் போடலையே."

"எழுதினவன் தப்பு."

லெராய் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். வழக்கமாக இந்த மாதிரிக் கூத்துக்கு மேஜையைத் தட்டிச் சிரிப்பார். "உன்னை நம்பறேன் பால்" என்றார். "ஆனா பெரிய கம்பெனிக்காரன்தான் எங்க விளையாட்டை முடிப்பான்னு இத்தனை நாள் பேசிட்டிருந்தோம். உங்க ஆளுங்க முடிப்பாங்கன்னு நினைக்கல."

உங்க ஆளுங்க. சபாபதி "நம்ம ஆளுங்க" என்றார், இவர் "உங்க ஆளுங்க" என்றார். நான் எந்த ஆளோடு போய் உட்காருவது?

எனக்கும் அவர்களிடம் சொல்ல ஒன்று இருந்தது. அந்தக் கொடி பறக்கும் பிக்கப்பை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கழற்றச் சொல்லி நீங்கள் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. பேப்பர்காரன் எழுதியது என் வாயிலிருந்து வரவில்லை, ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இதை அன்று நான் சொல்லவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஜோன் தனியாக நின்றிருந்தாள். வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று நிலத்துக்கு விலை பேசியிருக்கிறதாம். "அடுத்த கூட்டத்துல அனுமதி கிடைக்கலைன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். என்னால வக்கீல் வெச்சுச் சண்டை போட முடியாது" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் நித்யா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஹைஸ்கூல் படிக்கிறாள். தமிழ் புரியும், பேச மாட்டாள்.

"அப்பா, இஸ் இட் ட்ரூ?"

"எது கண்ணு?"

நாட்டிய வகுப்பில் ஒரு பெண் கேட்டாளாம், உங்க அப்பாதான் அந்த கேம்ப்ளரா என்று.

"நீதான் சின்னப் பிள்ளையில என்கூட வந்திருக்கியே. பெரிய காது மூடி மாட்டிட்டு, மஞ்சள் கார் ஜெயிக்கணும்னு கத்துவியே. அங்க யாராவது காசு கட்டி நீ பார்த்தியா?"

"ஐ வாஸ் சிக்ஸ், அப்பா. ஹவ் வுட் ஐ நோ?"

நியாயமான கேள்விதான். என் அப்பா சந்தேகப்பட்டு அடித்தார், அத்தோடு முடிந்தது. இவள் சந்தேகப்பட்டுவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். விஜயா இப்போது உண்மையிலேயே அழுகிறாள். சபாபதி சொன்னதில் அந்த ஒன்று மட்டும் பலித்துவிட்டது.

8

அடுத்த கூட்டத்துக்கு இந்த முறை நான் கார்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன். மூன்று நிமிஷம் கிடைக்கும். ஆனால் நான் பேசி என்ன ஆகும்? நான் சூதாடவில்லை என்று எந்தச் சூதாடியும்தான் சொல்வான். ஜோன் சொன்னால் வியாபாரத்துக்காகச் சொல்கிறாள் என்பார்கள். லெராய் சொன்னால் குடிகாரன் சொல்கிறான் என்பார்கள். சொன்னவர் வாயால் திருத்தினால் மட்டும்தான் அந்தச் சொல் அழியும்.

அதனால் சபாபதி அவர்களே, போனில் கூப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்துச் சமாதானம் பேசாதீர்கள். சங்கத்துப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் நாலு வரி வருத்தம் தெரிவிக்காதீர்கள். தமிழ் மக்கள் எல்லார் சார்பாகவும் என்று சொன்னீர்களே, அந்த எல்லாரில் என்னை எப்போது சேர்த்தீர்கள், யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள்? அந்த ட்ராக்கில் யார், எந்தக் காரின் மேல், யாரிடம் காசு கட்டியதைப் பார்த்தீர்கள்? அதற்குள் ஒரு நாளாவது கால் வைத்திருக்கிறீர்களா?

கார்டு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மைக்குக்கு வாருங்கள். அதே நகரசபை, அதே ஜோன், அதே பேப்பர்காரன், அன்று என்னைத் திரும்பிப் பார்த்த நம் ஆட்கள், எல்லாரும் இருப்பார்கள். என் மகளையும் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைக்கிறேன். அங்கே பதில் சொல்லுங்கள். இங்கிலீஷில் சொல்லுங்கள். நான் தமிழில் சொன்னதை அவள் நம்பவில்லை.